ஹெப்சிபாவின் விநாடி முள்

யாரோ ஒரு கொல்லன் பார்த்த வேலை, அதுவும் கை நிறைய வேறு வேலை வைத்திருந்த கொல்லன், என்று மரகதவல்லி முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டுவதில் அவளுக்கு என்றைக்கும் தாமதம் இருந்ததில்லை. வலது கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடிக்குள் அந்த விநாடி முள் மண்வெட்டிக் காம்பு மாதிரி நின்றது. மணி முள்ளும் நிமிஷ முள்ளும் நீலம் பாய்ந்த எஃகில் என்ன அழகாக மெலிந்து போகின்றன, இது மட்டும் ஏதோ தகரத்தில் வெட்டியது, மேலே சிவப்பு வேறு, அந்தச் சிவப்பும் பாதி உரிந்துவிட்டது. நர்ஸம்மாக்கள் மார்பில் குத்திக்கொள்கிற வாட்ச். தலைகீழாகத் தொங்கும், போட்டிருப்பவர் குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து பிரிஸ்கில்லா டீச்சர் போன மாதம் நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தது. "எங்கம்மா ஹெப்சிபாவோடதுங்க. வால்பாறைப் பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தாங்க. இப்ப எம் பொண்ணு பெங்களூர்ல நர்ஸா சேர்றா, அவளுக்குக் குத்தி விடணும். எல்லாத்தையும் ஒரிஜினலா மாத்திக் குடுத்துருங்க, அந்த அசிங்கமான முள்ள மட்டும் கண்டிப்பா எடுத்துருங்க" என்று டீச்சர் சொன்னபோதே மரகதவல்லிக்கு அந்த அம்மாளைப் பிடித்துப் போனது. ஒரிஜினல் என்கிற சொல்லைக் கேட்டால் அவளுக்கு வெயிலில் மோர் குடித்த மாதிரி இருக்கும். அவள் வேலை பார்த்த ஓசூர் வாட்ச் தொழிற்சாலையில் பவுடர் பூசக் கூடாது, தலையில் பூ வைக்கக் கூடாது, மல்லிகையிலிருந்து உதிரும் ஒரு பொடி போதும் ஒரு வாட்சை நிறுத்த, விரல்களுக்கு ரப்பர் உறை, மேசையோரத்தில் ஒரு சிவப்புத் தட்டு. கை தவறினது, கீறல் பட்டது, சந்தேகப்பட்டது எல்லாம் சிவப்புத் தட்டுக்கு. எதையும் தட்டி நெளித்து ஒப்பேற்றுகிற பேச்சே கிடையாது. ஒப்பேற்றியவளைப் பக்கத்து மேசைக்காரி கூட மதிக்க மாட்டாள். வேலையை விட்டு வந்தபோது அவள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கி வந்தது அந்தச் சிவப்புத் தட்டைத்தான். இப்போதும் அது வீட்டு ரிப்பேர் மேசையில் இடது கைப் பக்கம் இருந்தது, அந்தத் தகர முள்ளுக்காக வாய் திறந்து காத்திருந்தது. கூடத்தில் சம்பங்கி, அவள் வீட்டுக்காரர், ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கித் தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். பிதுக்கம் பருப்புக் குழம்பு வைத்துக் கொடுத்தால் மனசு மாறுவாள் என்று அவருக்கு ஒரு கணக்கு. "இன்னா மரகதம், ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணட்டுமா? சாயங்காலத்துக்குள்ள சொல்லலன்னா அந்தத் தேதிய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்" என்று குரல் வந்தது. "குடுக்கட்டும், கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். பருப்பு கிண்ணத்தில் விழுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி தொடங்கியது.

அந்த டப்பா. பேஸ்மேக்கர் என்று அவள் வாய் சொல்லாது, அந்த டப்பா என்றுதான் சொல்லும். தோள்பட்டைக்குக் கீழே கீறி உள்ளே வைத்து, இதயம் ஓட்டம் தவறுகிறபோதெல்லாம் பின்னாலிருந்து தள்ளிவிடுகிற டப்பா. இதை ஒட்டு வேலை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது. இரண்டு முறை இந்த மேசையிலேயே கண் இருட்டி நெற்றி மேசையில் மோதியிருக்கிறது, முதல் தடவை பூதக்கண்ணாடியைக் குறை சொன்னாள், இரண்டாம் தடவை சம்பங்கி வைத்த டீயைக் குறை சொன்னாள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்த நீளத் தாளை டாக்டர் கையில் வாங்கும் முன்பே அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். வாட்சின் துடிப்பைக் கேட்டுக் கோடு போடுகிற மெஷின் இருபது வருஷத்துக்கு மேலாக அவள் மேசையில் இருக்கிறது, கோடு படிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓடுகிறது, ஓடுகிறது, ஒன்றைக் காணோம், மறுபடி ஓடுகிறது. இந்தக் கோட்டோடு ஒரு வாட்ச் வந்திருந்தால் அவள் இந்நேரம் முழுசாகப் பிரித்துப் போட்டிருப்பாள். டாக்டர் சின்ன வயசு, நல்ல பிள்ளை, "என்ன வேலை பாக்கறீங்கம்மா" என்று கேட்டார், சொன்னாள், "காந்தம் ஏதாவது வச்சு வேலை உண்டா" என்று கேட்டார், அங்கேதான் அவளுக்கு உள்ளே ஏதோ இறங்கியது. காந்தம் ஏறிய வாட்சை, காந்தத்தை இறக்குகிற சின்னப் பெட்டியின் மேல் வைத்து, பொத்தானை அமுக்கி, மெல்லத் தூக்கி எடுக்க வேண்டும். நாளுக்கு நாலு வாட்சாவது அப்படி எடுப்பாள். அந்தப் பெட்டியை இனி நீங்கள் தொட வேண்டாம், வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள், நீங்கள் தள்ளி நில்லுங்கள் என்றார் டாக்டர். தள்ளி நில்லுங்கள். தன் மேசையிலிருந்தே தன்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறாரே. பயம்தான், வேறு ஒன்றுமில்லை. சாவு பயம் கூட இல்லை. உள்ளே அந்நியச் சாமான் வைத்த ஆளாக, பழுது பார்த்த ஆளாக, சிவப்புத் தட்டில் கிடந்து எழுந்த ஆளாக இந்த நாற்காலியில் உட்கார வேண்டுமே என்கிற பயம். சம்பங்கியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். சிரிக்க மாட்டார், பாவம், மொச்சையைப் பிதுக்குவார்.

முள்ளைக் கழற்ற வேண்டும், அதைப் பார்ப்போம். டயல் மேல் மெல்லிய பாலித்தீன் துண்டை விரித்து இரண்டு பக்கமும் நெம்புகோலைக் கொடுத்து அசைத்தாள். அசையவில்லை. இந்த மாதிரித் தகர முட்கள் தொட்டதும் கையோடு வந்துவிடும், அல்லது பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், கீழே உள்ள அச்சு முறிந்துகொண்டு வரும். இது இரண்டும் இல்லாமல் கெட்டியாக, சமமாக, எல்லாப் பக்கமும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கினாள். மூச்சை அடக்குவதற்குக் கூட இப்போது யோசனையாக இருக்கிறது. வந்துவிட்டது. அச்சு முறியவில்லை. முள்ளை ட்வீசரில் தூக்கித் தட்டின் விளிம்பு வரைக்கும் கொண்டுபோனவள், போடவில்லை, ஏன் போடவில்லை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, கை கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான். சும்மா வெள்ளைத் துணியில் வைத்தாள். தயாராக எடுத்து வைத்திருந்த ஒரிஜினல் முள்ளை, செத்துப்போன வேறொரு வாட்சிலிருந்து எடுத்தது, நீலமாக, மயிரிழையாக, கண் கூசுகிற மாதிரி இருந்தது, எடுத்து அச்சின் மேல் பொருத்தி அமுக்கினாள். உட்கார்ந்தது. திருப்பினால் விழுந்தது. மறுபடி. மறுபடி விழுந்தது. குனிந்து அச்சைப் பார்த்தாள். பாதி அச்சுதான் இருந்தது. எந்தக் காலத்திலோ எவனோ நெம்பி முறித்துவிட்டுப் பேசாமல் மூடிக் கொடுத்திருக்கிறான். பின்மூடியைத் திருப்பி விளக்கில் பிடித்தாள். வாட்ச் திறந்து பார்க்கிறவர்கள் மூடியின் உட்பக்கம் ஊசியால் தங்கள் அடையாளத்தைக் கீறி வைப்பது இந்தத் தொழிலில் பழக்கம், நாளைக்குத் திறக்கிறவனுக்கு நான் இங்கே வந்தேன் என்று சொல்வதற்கு. மூன்று பேர் கீறியிருந்தார்கள், ஒருவன் வளைத்து வளைத்துக் கையெழுத்தே போட்டிருந்தான். முறித்தவன் அவனாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் இந்தக் கட்டை அச்சில், ஒரிஜினலே நிற்காத இடத்தில், இந்தத் தகர முள் மட்டும் எப்படி நின்றது?

துணியிலிருந்த முள்ளை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். தகரத்தின் அடியில் ஒரு குழாய்த் துண்டு, பித்தளை இல்லை, எஃகு, வழுவழுவென்று, மடித்த தடமோ பற்ற வைத்த தடமோ இல்லாமல் ஒரே உருண்டையாக இருந்தது. இவ்வளவு சின்னதாக, இவ்வளவு ஒழுங்காக ஒரு குழாயைக் கொல்லனா செய்வான். அவளால் முடியுமா என்று கேட்டால், அவளுடைய கடைசல் மெஷினில் கூட நாள் முழுக்கப் போராட வேண்டும். எங்கேயோ பார்த்த குழாய். பார்த்ததில்லை, பட்டது. புறங்கையைத் தடவினாள். ஆஸ்பத்திரியில் குத்திய இடம் இன்னும் கன்றித்தான் இருந்தது. ஊசி. ஊசி போடுகிற ஊசி. உள்ளே ஓட்டை உள்ள எஃகு ஊசியிலிருந்து ஒரு துண்டை அறுத்து, அச்சின் கட்டைப் பகுதியைத் தாண்டி அடி வரைக்கும் இறங்கிப் பிடிக்கிற நீளத்துக்கு விட்டிருக்கிறார்கள். அடேயப்பா, என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு உடனே எரிச்சலும் பட்டாள், ஏனென்றால் இதே வாட்சில் மணி முள்ளையும் நிமிஷ முள்ளையும் இழுத்துப் போகிற பிடி தளர்ந்துபோய்க் கிடந்தது. வாட்ச் ஓடும், விநாடி முள் சுற்றும், மற்ற இரண்டும் நினைத்தால் நகரும், நினைத்தால் நின்றுவிடும். அதை இறுக்குவது ஒன்றுமே இல்லை, ஒரு சின்ன நசுக்கு. இவ்வளவு கெட்டிக்காரக் கைக்கு அது தெரியாதா? ஊசியை அறுக்கத் தெரிந்த கைக்கு இதை நசுக்கத் தெரியாதா? தெரியாமல் இல்லை, கண்டுகொள்ளவில்லை. மணி தப்பாகக் காட்டுகிற வாட்சை வருஷக்கணக்கில் மார்பில் குத்திக்கொண்டு திரிகிறதாவது. அவளுக்கு இது பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி ஆகிவிட்டது, விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்தாள். "யாருக்கு, ஆஸ்பத்திரிக்கா?" என்று கூடத்திலிருந்து குரல் பாய்ந்து வந்தது. "டீச்சருக்கு" என்றாள். மொச்சை மறுபடி விழத் தொடங்கியது.

பிரிஸ்கில்லா டீச்சர் பஸ்ஸில் இருந்தார். கிருஷ்ணகிரி தாண்டிவிட்டதாம், ஓசூரில் இறங்கி வாட்சை வாங்கிக்கொண்டு அப்படியே மகளிடம் போவதாகத் திட்டம். "டீச்சர், உங்கம்மா இதுல மணி பாப்பாங்களா?" என்று மரகதவல்லி கேட்டாள். கேட்ட பிறகு கேள்வி அசட்டுத்தனமாகப் பட்டது. பஸ் இரைச்சலுக்கு நடுவே டீச்சர் சிரித்தார். "இதுல எங்கங்க மணி பாக்கறது. எஸ்டேட்டுல எல்லாத்துக்கும் சங்கு ஊதும். எந்திரிக்கச் சங்கு, வேலைக்குச் சங்கு, சாப்பாட்டுக்குச் சங்கு. மணிக்குச் சங்கு இருக்கு, இது நாடி பாக்கறதுக்கும்பாங்க அம்மா. ராத்திரி பொறந்த கொழந்தைக்கு மூச்சு எண்றதுக்கு, குளுக்கோஸ் சொட்டு எண்றதுக்கு, எல்லாத்துக்கும் இதான். ஏங்க, ஏதாவது பிரச்சனையா?" மரகதவல்லி முள்ளை விளக்கில் திருப்பிப் பார்த்தாள். "அந்தச் சிவப்பு முள்ளு எங்க செஞ்சது?" என்று கேட்டாள். "பொள்ளாச்சியில யாரோ வாட்ச்காரர்னு நெனைக்கிறேன். எனக்கு வெவரம் தெரிஞ்சதுல இருந்து அப்பிடியேதான் இருக்கு." "வாட்ச்காரர் இல்லைங்க. அது ஊசி. ஊசி போடற ஊசியில அறுத்தது. மேல தகரம் ஏதோ மருந்து டப்பா. செவப்பு..." முள்ளை மூக்கருகே கொண்டுபோனாள், இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதில் என்ன வாசனை இருக்கப்போகிறது, "புண்ணுக்குப் போடற செவப்பு மருந்தா இருக்கும்."  டீச்சரின் குரல் வேறு மாதிரி வந்தது. "அந்தக் காலத்துல ஊசியெல்லாம் கொதிக்க வெச்சுத் திரும்பத் திரும்பப் போடறதுதானுங்க. மொனை மழுங்குனா அம்மா வீட்டுக்கு எடுத்துட்டு வந்து சின்னக் கல்லு ஒண்ணுல தீட்டுவாங்க. நானும் பக்கத்துலயே உக்காந்து படிப்பேன். ஒரு தடவ நாள் கணக்கா ஒரே ஊசியத் தீட்டிட்டே இருந்தாங்க. இன்னும் முடியலையாம்மான்னு கேட்டேன். முடிஞ்சிரும், முடிஞ்சிரும்னாங்க." சட்டென்று கேட்டார். "அத எடுத்துட்டீங்களா?" "எடுத்துட்டேன்." "ஐயோ." "உடையலைங்க." "திருப்பி வைக்க முடியுமாங்க? நாந்தான் அசிங்கம்னு சொன்னேன். எனக்குத் தெரியாதுங்க." வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாமே வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. வாட்ச் மாறவில்லை, ஒரு இம்மி கூட மாறவில்லை. அதற்குள் இருந்த ஒவ்வொரு அவலட்சணத்துக்கும் இப்போது ஒரு நியாயம் இருந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன நெம்பின் மேல் ஒரு சொட்டு அரக்கு, காலையில் பார்த்துச் சீ என்று முகம் சுளித்தாளே, அது யாரும் தெரியாத்தனமாக அசைத்துவிடக் கூடாது என்பதற்காக. விநாடி டயலில் கால் பாகத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி, பாதி மங்கியது, அது அவசரத்தில் கால் நிமிஷத்தில் எண்ணி முடிக்க. மெஷினை எடுத்து வாட்சை அதில் மாட்டினாள். துடிப்பு பலவீனம்தான், எண்ணெய் வற்றியிருந்தது, ஆனால் கோடு நேராகப் போனது. நேராகத் தரையில் வைத்த கயிறு மாதிரி. இந்தப் பொம்பளைக்கு இந்த மெஷின் இருந்திருக்காது. எதை வைத்துச் சரிபார்த்திருப்பாள். சங்கு ஊதியதும் பார்த்து, மறுநாள் அதே சங்குக்குப் பார்த்து, நெம்பை மயிரிழை நகர்த்தி, மறுநாள் பார்த்து, போதும் என்று தோன்றியபோது அரக்கை உருக்கிச் சொட்டி இருப்பாள். அவள் வாட்சைப் பழுது பார்க்கவே இல்லை. ஒரு நிமிஷத்தைப் பழுது பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் நிஜமான நிமிஷமாக இருந்தால் போதும், ஒரு குழந்தை மூச்சு விடுகிறதா என்று தெரிந்துவிடும், மற்றதை எஸ்டேட் பார்த்துக்கொள்ளும். ஒப்பேற்றியது என்று நாம் சொல்லலாம். தன் பல வருஷச் சாமர்த்தியத்தைத் தராசில் ஒரு பக்கமும் இந்த முள்ளை மறுபக்கமும் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்று மரகதவல்லிக்கு ஒரு நினைப்பு ஓடியது, ஆனால் அது போட்டியாகத் தோன்றவில்லை, தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரி நல்லதாக ஒன்றைச் செய்து முடித்து இப்படிப் பார் என்று தள்ளி வைக்கும்போது வருமே, அந்தச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஹெப்சிபா. டீச்சர் சொன்ன பெயர். உயரமா குள்ளமா, கறுப்பா சிவப்பா, எதுவும் தெரியாது. விரல்கள் மட்டும் தெரியும்.

மணி முட்களின் பிடியை நசுக்கி இறுக்கினாள், ஏனென்றால் பெங்களூரில் யாரும் சங்கு ஊதப்போவதில்லை. சக்கரங்களைக் கழுவினாள், எண்ணெய் விட்டாள், அரக்குச் சொட்டைத் தொடவில்லை. கடைசியாக முள். இதில்தான் அவளுக்குப் பயம் வந்தது. கட்டை அச்சு, சாய்ந்து இறங்கினால் மிச்சமும் போய்விடும், பிறகு எந்த ஊசியாலும் ஆகாது. டீச்சர் படியேறி வந்து கை நீட்டுவார், அவரிடம் என்ன கொடுப்பது. கண் இருட்டினால்? இப்போது, இந்த நொடி, நெஞ்சு ஒரு துடிப்பை விழுங்கினால்? விழுங்கியது. காதுக்குள் ஒரு வெற்றிடம், மேசையின் ஓரம் தூரமாகப் போய்த் திரும்பி வந்தது. ட்வீசரில் முள் ஆடியது. கூப்பிடலாமா, கூப்பிட்டால் மொச்சைக் கையோடு ஓடி வருவார், வேண்டாம். மூச்சை விட்டாள். கை நடுங்கிக்கொண்டேதான் முள்ளை அச்சின் மேல் இறக்கினாள், இறக்கிய இடம் தவறு என்று அவளுக்கே தெரிந்தது, ஓரமாகப் போய்விட்டது, போச்சு என்று நினைப்பதற்குள் குழாய் தானாக வழுக்கி நடுவுக்கு வந்து அச்சைக் கவ்விக்கொண்டது. அமுக்கினாள். இறங்கி உட்கார்ந்தது. ஓரமாக வைத்தது எப்படித் தானாக நடுவுக்கு வந்தது? குழாயின் வாயை உட்பக்கமாகச் சரித்துத் தீட்டியிருக்கிறாள் அந்தப் புண்ணியவதி. கழற்றினபோது கவனிக்கவே இல்லை. நாள் கணக்காகத் தீட்டியது அதைத்தான். பிரசவ அறையில் கை சோர்ந்து போய், நடுங்கிக்கொண்டு, விழுந்த முள்ளைத் திரும்ப வைக்க வேண்டி வந்தாலும் அது தானே வழி கண்டுபிடித்து உட்காரட்டும் என்று தீட்டியிருக்கிறாள். எந்தக் கை என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஒரு நாள் ஒரு கை நடுங்கும் என்று தெரிந்திருக்கிறது.   பூதக்கண்ணாடியில் ஈரம் பட்டுவிடுமே என்று மரகதவல்லி அதைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள்.

பின்மூடியில் அந்த மூன்று கீறல்களுக்குக் கீழே இடம் இருந்தது. வழக்கமாக அவள் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறுவாள். இன்றைக்கு ஹெப்சிபா என்று முழுசாகக் கீறி ஊதித் துடைத்து மூடினாள். நீல ஒரிஜினல் முள்ளை எடுத்து அதன் டப்பாவிலேயே போட்டாள். சிவப்புத் தட்டில் எதுவும் இல்லை. வாட்சைச் சேலைத் தலைப்பில் குத்திப் பார்த்தாள், சரியாகத் தொங்குகிறதா என்று பார்க்கத்தான். குனிந்தால் சிவப்பு முள் அவள் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது, அவசரப்படாமல், யாருக்காகவும் நிற்காமல். வலது கை விரல் மூன்றும் தாமாக இடது மணிக்கட்டுக்குப் போயின. முள் மேலே வந்தபோது எண்ணத் தொடங்கினாள். ஓடுகிறது, ஓடுகிறது, காணோம். விரலடியில் ஒரு பள்ளம். ஓடுகிறது. டாக்டரிடம் பொய் சொல்லலாம், சம்பங்கியிடம் தினமும் சொல்கிறாள், இந்த முள்ளிடம் சொல்ல முடியவில்லை. முள் ஒரு சுற்று முடித்து மேலே வந்தது, வழியில் நிற்கிறவனைக் கடப்பது போலக் கடந்து போயிற்று. அவள் எண்ணிக்கை இருக்க வேண்டியதில் பாதியைத்தான் தாண்டியிருந்தது.

"ஏங்க" என்றாள்.

கூடத்தில் மொச்சை நின்றது. "இன்னா? தண்ணி வேணுமா? மயக்கமா?"

"ஒண்ணுமில்ல. போன் பண்ணி வர்றோம்னு சொல்லிடுங்க."

 கிண்ணம் உருளும் சத்தம். சம்பங்கி வாசல் நிலையில் வந்து நின்றார், விரலெல்லாம் மொச்சைத் தோல். நிஜமாகவா என்று கேட்கவில்லை, கேட்டால் மாறிவிடுவாள் என்று பயந்து லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே போனைத் தேடினார்.

"அந்தக் காந்தப் பெட்டிய இனிமே நீங்கதான் அமுக்கணும். பொத்தானை விடாம மெதுவா வாட்சத் தூக்கணும், வெடுக்குன்னு எடுத்தா எல்லாம் பாழ். நான் அந்தச் சுவரோரம் நின்னு சொல்வேன்."

"சொல்லு, சொல்லு. எங்க வேணா நின்னு சொல்லு" என்றார் சம்பங்கி. அதற்குள் அந்தப் பக்கம் யாரோ எடுத்துவிட்டார்கள். வர்றோம், நாளைக்கே வர்றோம், ஆமா மரகதவல்லிதான், என்று தேவைக்கு மேல் உரக்கப் பேசினார். போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "டாக்டர்கிட்ட வேற ஏதாவது கேக்கணுமான்னு கேக்கறாங்க."

மரகதவல்லி குனிந்து அந்தச் சிவப்பு முள்ளைப் பார்த்தாள்.

"ஒட்டு வேலைதான், பரவால்ல" என்றாள். "ஆனா ஒழுங்கா செய்யச் சொல்லுங்க."